அடிக்குறிப்பில் விட்டுப்போனவர்கள்

"நீங்கள் கணக்கிலிருந்து எடுத்துவிட்ட தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்கள் எங்கே போனார்கள்?"

இந்தக் கேள்வி என்னிடம் கேட்கப்பட்டதல்ல. ஆனால் அதற்கு வாய் திறந்தது நான்தான். "நல்ல கேள்வி. ஆனால் அது இந்தக் கட்டுரையின் எல்லைக்குள் வராது. நேரமும் முடிந்துவிட்டது, இடைவேளையில் பேசிக்கொள்ளலாம்" என்றேன். கேட்டவர் தலையசைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். அடுத்த கட்டுரையாளர் மேடைக்கு வந்தார். மாதங்கள் பல ஓடிவிட்டன. எத்தனையோ அமர்வுகளில் எத்தனையோ பேரிடம் சொல்லிப் பழகிய அதே வார்த்தைகள்தான். ஆனாலும் அன்று சொன்னது மட்டும் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

வணிக உத்தியும் உலகளாவிய சமூகச் சவால்களும் என்ற பொருளில் நடந்த மூன்று நாள் மாநாடு அது. நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு லாபத்தைப் பெருக்குவதே என்று பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன் 1970-இல் எழுதியதில் தொடங்கி, 2019 ஆகஸ்டில் அமெரிக்காவின் 181 தலைமை நிர்வாகிகள் ஊழியர்களுக்கும் வாடிக்கையாளர்களுக்கும் வழங்குநர்களுக்கும் நாங்கள் கடமைப்பட்டவர்கள் என்று கையெழுத்திட்டது வரைக்கும் வழக்கமான பாதையில் தொடக்க உரை போனது. நிகழ்ச்சி நிரலில் ஒவ்வொரு அமர்வின் பெயருக்குப் பக்கத்திலும் ஐ.நா.வின் 17 நீடித்த வளர்ச்சி இலக்குகளில் ஒன்றின் வண்ணச் சதுரம் அச்சிடப்பட்டிருந்தது. நான் தலைமை தாங்கிய அமர்வுக்கு 8-ஆம் எண்: கண்ணியமான வேலையும் பொருளாதார வளர்ச்சியும். பருவநிலை பற்றிப் பேச விமானம் ஏறி வருவது தகுமா என்ற விவாதத்துக்குள் நான் இங்கே போகவில்லை. அதைப் பலரும் நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். என்னை உறுத்துவது அரங்கத்துக்குள் நடந்தது.

இந்த மாநாடுகள் எனக்குப் பிடிக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆண்டு முழுவதும் அறையில் தனியாக உட்கார்ந்து தரவோடு மல்லுக்கட்டுகிறவர்கள், அந்த மூன்று நாட்களில்தான் தங்கள் கேள்வி இன்னொருவருக்கும் கேள்வியாக இருப்பதைக் கண்டுகொள்கிறார்கள். முனைவர் பட்ட மாணவனாக நான் முதன்முதலில் கட்டுரை படித்தபோது, கடைசி வரிசையில் இருந்த ஒரு மூத்த பேராசிரியர் எழுந்துவந்து என் இரண்டாவது கருதுகோளைத் தாளில் வரைந்து காட்டித் திருத்தினார். இன்றுவரை என் வேலை அந்தத் தாளின் நிழலில்தான் நடக்கிறது. ஆகவே வெளியில் நின்று கல்லெறியும் எண்ணத்தில் நான் இதை எழுதவில்லை.

தொண்ணூறு நிமிடம், நான்கு கட்டுரைகள்

அமர்வுத் தலைவரின் வேலை எளிமையானது. கட்டுரையாளர்களை அறிமுகப்படுத்த வேண்டும், ஐந்து நிமிடம், ஒரு நிமிடம் என்று எழுதிய அட்டைகளைத் தூக்கிக் காட்ட வேண்டும், கேள்விகளை முறைப்படுத்த வேண்டும். தொண்ணூறு நிமிடங்களில் நான்கு கட்டுரைகள். ஒருவர் மூன்று நிமிடம் கூடுதலாக எடுத்துக்கொண்டால், கடைசியில் பேசுகிறவரின் மூன்று நிமிடம் போய்விடும். அந்தக் கடைசி ஆள் பெரும்பாலும் துறைக்குப் புதியவராகத்தான் இருப்பார். அதனால் நான் கண்டிப்பாக இருப்பேன். கண்டிப்புதான் நியாயம் என்று நம்பியிருந்தேன்.

இரண்டாவதாகப் பேசியவர் ஒரு முனைவர் பட்ட மாணவி. ஆடைகளை வாங்கி விற்கும் பெருநிறுவனங்கள் தங்கள் வழங்குநர்களின் தொழிற்சாலைப் பாதுகாப்புக்குச் செலவிடும்போது அங்கே உண்மையில் என்ன மாறுகிறது என்பது அவர் கேள்வி. கவனமான உழைப்பு. ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் இரண்டு வெவ்வேறு ஆண்டுகளின் தணிக்கை விவரங்களைச் சேர்த்து, முதலாவதையும் இரண்டாவதையும் ஒப்பிட்டிருந்தார். அட்டவணைக்குக் கீழே சிறிய எழுத்தில் ஓர் அடிக்குறிப்பு: இரு ஆண்டுகளில் ஏதேனும் ஒன்றில் விவரம் கிடைக்காத தொழிற்சாலைகள் நீக்கப்பட்டன. எங்கள் துறையில் இந்த அடிக்குறிப்பைப் போடாதவர்கள் குறைவு. ஒரு தொழிற்சாலை இரண்டாவது ஆண்டுப் பட்டியலில் இல்லையென்றால், அதில் ஏற்பட்ட மாற்றத்தை எப்படி அளப்பது? அளக்க முடியாததை எடுத்துவிடுவது நேர்மையான செயலாகவே கற்பிக்கப்படுகிறது. எடுத்ததை மறைக்காமல் அடிக்குறிப்பில் சொல்வது அதைவிட நேர்மையானது. அந்தப் பெண் இரண்டையும் செய்திருந்தார்.

முதல் மூன்று கேள்விகள் எதிர்பார்த்தவைதான். பாதுகாப்பான தொழிற்சாலைகளைப் பார்த்துத்தான் நிறுவனங்கள் செலவு செய்கின்றனவோ, காரணமும் விளைவும் தலைகீழாக இருக்கலாமே என்றார் ஒருவர். மாதிரியின் அளவு போதுமா என்றார் இன்னொருவர். மூன்றாமவர், இதனால் கோட்பாட்டுக்குப் புதிதாக என்ன கிடைக்கிறது என்று கேட்டார். மாணவி திணறாமல் பதில் சொன்னார். அப்போதுதான் கதவோரம் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி கையை உயர்த்தினார். அவர் ஆய்வாளர் அல்லர். தொழிற்சங்கத்தில் பல ஆண்டுகள் வேலை செய்தவர். முந்தைய நாள் நடந்த 'களத்தின் குரல்' என்ற கலந்துரையாடலுக்கு அழைக்கப்பட்டு வந்து, அங்கே பேசி முடித்த பிறகும் ஊர் திரும்பாமல் மற்ற அமர்வுகளையும் கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்து நின்று, முன்னுரை எதுவும் இல்லாமல், மேலே எழுதிய ஒற்றை வாக்கியத்தைக் கேட்டார்.

மாணவி என்னைப் பார்த்தார். என் கையில் அட்டை இருந்தது.

இடைவேளையில் அந்த அம்மையாரைத் தேடினேன். அவர் கிளம்பிவிட்டார் என்றார்கள்.

இரண்டு முறை நீக்கப்படுகிறவர்கள்

அன்று மாலை என்னை முதலில் வருத்தியது என் நடத்தை மட்டுமே. விருந்தினராக வந்தவரைப் பேசவிடாமல் உட்கார வைத்துவிட்டோமே என்ற வருத்தம். அடுத்த நாள் பயணத்தில்தான் கேள்வியின் கூர்மை உறைத்தது. அதை நான் மனிதாபிமானக் கேள்வி என்று வகைப்படுத்தி ஒதுக்கியிருந்தேன். ஆனால் அன்று அந்த அரங்கில் கேட்கப்பட்டவற்றில் ஆய்வு முறையைச் சரியாகப் பிடித்த கேள்வி அது ஒன்றுதான்.

ஒரு நிறுவனம் பத்துத் தொழிற்சாலைகளிடம் ஆடை வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பாதுகாப்பில் மிக மோசமான மூன்றை அது விட்டுவிடுகிறது. மறு ஆண்டு மீதி ஏழின் சராசரியை எடுத்தால் மதிப்பெண் உயர்ந்திருக்கும். ஆனால் எங்கும் ஒரு படிக்கட்டு அகலமாகவில்லை, பூட்டிக்கிடந்த ஒரு கதவு திறக்கப்படவில்லை. அந்த மூன்று கட்டடங்களும் அப்படியே நிற்கின்றன. வேறு யாரோ, இன்னும் குறைந்த விலைக்கு, கேள்வி கேட்காமல் அவற்றிடம் வாங்கிக்கொண்டிருக்கலாம். அல்லது அவை மூடப்பட்டு, அங்கிருந்தவர்கள் அவற்றைவிட மோசமான இடத்துக்குப் போயிருக்கலாம். பட்டியல் சுத்தமாகிவிட்டது என்பது மட்டுமே உறுதி.

இந்த மாணவி சராசரியை அப்படி எடுக்கவில்லை. எஞ்சிய தொழிற்சாலைகளை மட்டும் அவற்றோடு அவற்றையே ஒப்பிட்டார். அதனால் அந்தத் தவறு தனக்கு நேராது என்று நினைத்தார், நானும் நினைத்தேன். ஆனால் எஞ்சியவை எவை? நிறுவனம் வைத்துக்கொள்ள விரும்பியவை. செலவு செய்தால் பலன் தரும் என்று தோன்றியவை. யாரோடு இருப்பது, யாரை விட்டுப் போவது என்ற முடிவுதான் உத்தியின் உயிர். எங்கள் துறையின் பெயரிலேயே இருக்கும் விஷயம் அது. விட்டுப்போன தொழிற்சாலைகளை அடிக்குறிப்பில் தள்ளும்போது, ஆராய வந்த உத்தியின் பாதியையே தள்ளிவிடுகிறோம். முதலில் நிறுவனம் அவர்களைத் தன் பட்டியலிலிருந்து நீக்குகிறது. பிறகு நாங்கள் எங்கள் அட்டவணையிலிருந்து நீக்குகிறோம். கண்ணியமான வேலை என்ற சதுரத்தைப் பக்கத்தில் அச்சிட்டுக்கொண்டு, வேலையே போனவர்களை வெளியே நிறுத்திவிட்டுப் பேசியிருக்கிறோம்.

மீண்டும் படித்த ஒப்பந்தம்

வீடு திரும்பியதும் நான் எடுத்துப் படித்தது ஆய்வுக் கட்டுரை எதையும் அல்ல. ரானா பிளாசாவுக்குப் பிறகு எழுதப்பட்ட ஒப்பந்தத்தின் மூல வாசகத்தை. வங்கதேசத்தில் டாக்கா அருகே சாவரில், ஆடைத் தொழிற்சாலைகள் இயங்கிய அந்த எட்டு மாடிக் கட்டடத்தில் 2013 ஏப்ரல் 23 அன்றே விரிசல் தெரிந்தது. அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்த வங்கி தன் ஊழியர்களை வெளியேற்றியது. ஆடைத் தொழிலாளர்கள் மட்டும் மறுநாள் காலை உள்ளே வரவழைக்கப்பட்டார்கள். வராவிட்டால் சம்பளம் போய்விடும் என்று அஞ்சியே பலர் வந்தார்கள். கட்டடம் இடிந்து விழுந்தது. 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கிருந்த தொழிற்சாலைகளில் சில, அதற்கு முன்பு, தொழிலாளர் நிலைமையைச் சோதிக்கும் சமூகத் தணிக்கைக்கு உட்பட்டவையே. கட்டடம் தாங்குமா என்பதை அந்தத் தணிக்கை பார்க்கவில்லை. அது தணிக்கையின் எல்லைக்குள் வரவில்லை. இந்த வாக்கியத்தை எழுதும்போது என் கை நிற்கிறது; நான் அன்று அரங்கில் சொன்னதும் இதே சொற்கள்.

அடுத்த மாதமே கையெழுத்தான தீ மற்றும் கட்டடப் பாதுகாப்பு ஒப்பந்தத்தை நான் பல ஆண்டுகளாக வகுப்பில் நடத்திவருகிறேன். சட்டப்படி கட்டுப்படுத்தும் தன்மை, சுயேச்சையான ஆய்வு, ஆய்வறிக்கைகளைப் பொதுவில் வெளியிடுவது, இரண்டு உலகத் தொழிற்சங்கக் கூட்டமைப்புகள் சம பங்காளிகளாக உட்கார்ந்தது, 200-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் சேர்ந்தது: இவை எனக்கு மனப்பாடம். ஆனால் அன்று வேறு வரிகளை என் கண் தேடியது.

பழுதுபார்ப்பதற்காகத் தொழிற்சாலை மூடப்பட்டால், ஆறு மாதம் வரை தொழிலாளர்களின் வேலையும் வழக்கமான வருமானமும் தொடர வேண்டும் என்கிறது ஒரு பிரிவு. ஆர்டர் நின்றுபோனதால் வேலை இழப்பவர்களுக்குப் பாதுகாப்பான வேறு வழங்குநரிடம் வேலை கிடைக்கும்படி நிறுவனங்கள் நியாயமான முயற்சி எடுக்க வேண்டும் என்கிறது அடுத்தது. பாதுகாப்பற்றது என்று நம்பக் காரணமுள்ள கட்டடத்துக்குள், சம்பளத்தை இழக்காமல், நுழைய மறுக்கும் உரிமையை இன்னொன்று தருகிறது. முதல் இரண்டு ஆண்டுகளாவது ஆர்டரின் அளவைக் குறைக்காமல் வாங்க வேண்டும் என்றும் இருக்கிறது. வணிகத்துக்குக் கட்டுப்படியானால் என்ற நிபந்தனையோடுதான். 'நியாயமான முயற்சி' என்பதும் இருப்பதிலேயே மென்மையான சொல்தான். அந்தப் பிரிவு இன்னும் உறுதியாக எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். இருந்தாலும், ஒப்பந்தத்தை எழுதியவர்கள் அந்த அம்மையாரின் கேள்வியை அப்போதே கேட்டிருக்கிறார்கள். மூடினால் அங்கே இருப்பவர்கள் எங்கே போவார்கள்? விட்டுப்போனால் யார் பொறுப்பு? பாதுகாப்புக்கான விலையை யாரோ ஒருவர் தன் வேலையால் கட்ட நேரும் என்று தெரிந்துதான் அந்த வரிகளை எழுதியிருக்கிறார்கள். இத்தனை ஆண்டுகளாக அந்தப் பக்கங்களை நான் வேகமாகப் புரட்டியிருக்கிறேன். ஏனென்றால் அவற்றில் உத்தி எதுவும் எனக்குத் தென்படவில்லை.

எல்லையைப் போடுகிறவர் யார்?

மாநாட்டின் முக்கிய உரை ஒன்றில் ஓசோன் கதை சொல்லப்பட்டது. நான் மதிக்கும் கதை அது. குளிர்பதனப் பெட்டிகளிலும் தெளிப்பான்களிலும் பயன்பட்ட குளோரோஃப்ளோரோகார்பன் வாயுக்கள் ஓசோன் படலத்தைச் சிதைக்கும் என்று வேதியியலாளர்கள் மொலினாவும் ரோலண்டும் 1974-இல் எழுதியபோது தொழில்துறை எதிர்த்தது. 1985-இல் அண்டார்டிகாவுக்கு மேலே ஓசோன் துளை கண்டறியப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. 1987-இல் அவற்றைக் கட்டுப்படுத்தும் மாண்ட்ரியல் உடன்படிக்கை வந்தது. அவ்வாயுக்களைப் பெருமளவில் தயாரித்துவந்த டூபான்ட் நிறுவனம், 1988-இல் அவற்றைக் கைவிடப்போவதாக அறிவித்தது. மாற்றுப் பொருள்களுக்கான சந்தையும் அந்த முடிவோடு சேர்ந்தே வளர்ந்தது. லாபமும் நன்மையும் ஒரே திசையில் போன இடம். எங்கள் துறை இப்படிப்பட்ட கதைகளை மிகவும் நேசிக்கிறது, நானும்தான்.

உரை அத்தோடு முடிந்தது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. மாற்றாக வந்த ஹைட்ரோஃப்ளோரோகார்பன்கள் ஓசோனைத் தொடவில்லை. ஆனால் வெப்பத்தைப் பிடித்து வைத்தன. குளிர்பதனத்தில் பரவலாகப் பயன்படும் அவற்றில் ஒன்று, அதே எடை கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் புவியைச் சூடாக்கக்கூடியது. அவற்றைக் குறைக்க 2016-இல் ருவாண்டாவின் கிகாலியில் மாண்ட்ரியல் உடன்படிக்கையைத் திருத்த வேண்டியிருந்தது. ஓசோனைக் காப்பாற்றியதன் பெருமை இதனால் துளியும் குறையாது. ஆனால் பிரச்சினைக்கு ஒரு எல்லை போட்டபோது வெளியே விடப்பட்டது, இருபத்தொன்பது ஆண்டுகள் கழித்து அதே உடன்படிக்கையின் கதவைத் தட்டியது.

எல்லை போடாமல் ஆய்வு செய்ய முடியாது என்பது எனக்குத் தெரியும். எல்லாவற்றையும் ஒரே கட்டுரையில் கேட்கிறவர் எதற்கும் பதில் காண மாட்டார். நான் கேட்பது வேறு: எல்லை எதை வைத்துப் போடப்படுகிறது? எங்களிடம் பெரும்பாலும் தரவு கிடைக்கும் இடத்தில் போடப்படுகிறது. தரவு எங்கே கிடைக்கிறது? நிறுவனம் பதிவு செய்யும் இடத்தில். நிறுவனம் எதைப் பதிவு செய்கிறது? தான் உறவு வைத்திருக்கும் வரைக்கும் உள்ளதை. ஆகவே நிறுவனத்தின் ஞாபகம் எங்கே முடிகிறதோ, அங்கே எங்கள் அறிவியலும் முடிந்துபோகிறது. கோட்பாட்டுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டவர் அன்று ஒரு நிமிடத்துக்கு மேல் பேசினார். நான் தடுக்கவில்லை. அந்தக் கேள்வி எல்லைக்கு உட்பட்டது என்று எனக்கு யோசிக்காமலே தெரிந்திருந்தது. அந்த யோசிக்காத தெரிதல்தான் இப்போது என்னைப் பயமுறுத்துகிறது.

அவர் எழுதிய பதில்

மாநாட்டு அமைப்பாளர்கள் மூலம் அந்த அம்மையாருக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் அனுப்பினேன். நீளமான கடிதம். அவருடைய கேள்வி ஆய்வு முறையின் ஆதாரப் பிழையைத் தொட்டது என்றும், ஒப்பந்தத்தை மறுபடி படிக்க வைத்தது என்றும், என் கணக்குகளையெல்லாம் விளக்கி எழுதியிருந்தேன்.

இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. கோபம் ஒன்றும் இல்லை என்று எழுதியிருந்தார். ஆய்வு முறை பற்றித் தனக்குத் தெரியாது, அதை விமர்சிக்க நினைக்கவும் இல்லை என்றார். அவர் சங்கத்தில் இருந்த ஒரு தொழிற்சாலை, ஆர்டர்கள் நின்றுபோய் மூடப்பட்டிருந்தது. அங்கே வேலை செய்தவர்களில் பலரோடு தொடர்பு அறுந்துவிட்டது. தொலைபேசி எண்கள் மாறிவிட்டன, தங்கியிருந்த அறைகளைக் காலி செய்துவிட்டார்கள். அவர்களுக்கு வர வேண்டிய நிலுவைத் தொகை ஒன்றுக்காகச் சங்கம் அவர்களைத் தேடிக்கொண்டிருக்கிறது. திரையில் தொழிற்சாலைகளின் பட்டியலும் அதன் கீழே 'நீக்கப்பட்டன' என்ற சொல்லும் தெரிந்ததும், இவ்வளவு விவரம் சேர்த்தவர்களிடம் ஒருவேளை அவர்களைப் பற்றியும் குறிப்பு இருக்கலாம் என்று தோன்றியதாம். தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன், என்று முடித்திருந்தார்.

அந்தக் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று நினைவில்லை. முதலில் மனிதாபிமானக் கேள்வி என்று ஒதுக்கினேன். பிறகு ஆய்வு முறைக் கேள்வி என்று உயர்த்தி வைத்தேன். இரண்டு முறையும் அது என்னைப் பற்றியும் என் துறையைப் பற்றியும் ஆனது என்றே எடுத்துக்கொண்டேன். அவரோ சில மனிதர்களைத் தேடிக்கொண்டிருந்தார். அவர்கள் எங்கே என்று எங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். அவ்வளவே.

மாணவிக்கும் எழுதினேன். நீக்கிய தொழிற்சாலைகளின் விவரம் தனிக் கோப்பாகத் தன்னிடம் பத்திரமாக இருக்கிறது என்றார். முதல் ஆண்டின் முகவரி, தொழிலாளர் எண்ணிக்கை, சிலவற்றுக்கு மட்டும் விலகலின் காரணம். அவற்றைத் தேடிப்போய் விசாரித்து ஆய்வேட்டில் ஓர் அத்தியாயமாகச் சேர்க்க விரும்புகிறார். ஆனால் அதற்கு ஓராண்டு கூடுதலாகும், உதவித்தொகை அதற்குள் முடிந்துவிடும். செய்யுங்கள் என்று எளிதாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த ஓராண்டு என்னுடையதல்ல. உதவித்தொகையை நீட்டிக்கும்படி அவர் துறைக்கு ஒரு பரிந்துரைக் கடிதம் எழுதினேன். மதிப்பீட்டாளராக என்னிடம் வரும் கட்டுரைகளில், நீக்கியவை எத்தனை, ஏன் விலகின, அவற்றைச் சேர்த்தால் முடிவு எந்தப் பக்கம் சாயும் என்று இப்போது கேட்டு எழுதுகிறேன். அடுத்த ஆண்டும் ஓர் அமர்வுக்குத் தலைமை தாங்க அழைத்திருக்கிறார்கள். தொண்ணூறு நிமிடத்துக்கு மூன்று கட்டுரைகள் போதும் என்று நிபந்தனை வைத்திருக்கிறேன். அதனால் ஒருவருக்கு வாய்ப்பு போகும் என்பது எனக்குத் தெரியும், அது எனக்கு உவப்பாகவும் இல்லை.

அந்தக் கோப்பை அம்மையாருக்கு அனுப்ப முடியுமா என்று கேட்டபோது, தரவைக் கொடுத்த நிறுவனத்தோடு செய்துகொண்ட ரகசிய உடன்பாடு தடுக்கிறது என்றார் மாணவி. மூடிப்போன தொழிற்சாலைகளின் பெயர்களைக்கூட வெளியே சொல்லக் கூடாதாம். குறைந்தபட்சம் அந்த ஒரு தொழிற்சாலையின் பெயர் பட்டியலில் இருக்கிறதா இல்லையா என்று மட்டுமாவது சங்கத்துக்குத் தெரிவிக்க அனுமதி வேண்டும் என்று இருவரும் சேர்ந்து கடிதம் அனுப்பியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.